சீனக்குடாவுக்கு டிக்கெட் எடுத்தோம், ஹிங்குராக்கொடையில் இறங்கினோம்

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்துக்குச் சிறு விமானத்தில் போக நினைப்பவர்கள், அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் டிக்கெட் எடுத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். எங்களைக் கொண்டுசென்ற இரண்டு விமானிகளும் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லி முடியாது. என் கோபமெல்லாம் தரையில் இருந்தவர்கள் மீதுதான்.

அம்மாவுக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. கொழும்பில் வைத்தியரைக் காட்டிவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்ப, ரயிலிலோ பஸ்ஸிலோ அவரை அவ்வளவு நேரம் உட்காரவைக்க முடியாது. அதனால்தான் அவ்வளவு காசு கொடுத்து விமானம். இப்படிப்பட்ட விமானத்தில் பொதியோடு ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கருமபீடத்தில் இருந்தவர் அம்மாவின் மருந்துப் பையையும் பிடுங்காத குறையாக வாங்கி, மற்றப் பொதிகளோடு சேர்த்து விமானத்தின் வயிற்றுக்குள் போட்டுவிட்டார். "மாத்திரை இருக்கிறது, நேரத்துக்குக் கொடுக்க வேண்டும்" என்று சொன்னேன். "ஒரு மணித்தியாலத்தில் இறங்கிவிடுவீர்கள்" என்றார். உங்களிடம் யார் எதைச் சொன்னாலும் மருந்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். பையை எடுத்தால் மாத்திரை அட்டையை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு விளக்கத்தை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். தமிழில் ஒரு வார்த்தை இல்லை. திருகோணமலைக்குப் போகும் விமானம், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, அம்மாவுக்கு வேறு மொழி தெரியாது. உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது, எப்போது ஊத வேண்டும் என்பதை நான்தான் அவர் காதில் சொன்னேன். சீனக்குடாவில் இறங்கும் விமானம் குடாவின் தண்ணீரை ஒட்டித்தான் வருகிறது என்பதால் இது சும்மா சடங்கு இல்லை. அங்கியை விமானத்துக்குள் இருக்கும்போது ஊதவே கூடாது. 1996இல் கொமொரோஸ் தீவுகளுக்கு அருகே ஒரு பெரிய விமானம் கடலில் இறங்கியபோது, உள்ளேயே அங்கியை ஊதிவிட்ட பயணிகள் பலர் தண்ணீர் ஏறியதும் மிதந்து மேலே ஒட்டிக்கொண்டு, வாசலுக்கு வர முடியாமல் இறந்துபோனார்கள். வாசலைத் தாண்டிய பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும். இதைத் தமிழில் சொல்ல அரை நிமிடம் போதும்.

ஏறியதும் பறந்ததும் நன்றாகவே இருந்தது. கந்தளாய்ப் பக்கம் வந்திருப்போம், மேகத்துக்குள் நுழைந்தோம். மழை கண்ணாடியில் அறைந்தது. விமானம் திடீரென்று கீழே விழுவதும் தூக்கி எறியப்படுவதுமாக இருந்தது. அந்த வகை விமானத்தில் விமானிகளுக்கும் பயணிகளுக்கும் இடையே கதவு இல்லை. நடப்பதெல்லாம் கண்முன்னே தெரியும். முன்னால் ஒரு விளக்கு எரிந்தது, எங்கள் தலைக்கு மேலிருந்த விளக்குகள் அணைந்தன, வலப்பக்கத் திரை கறுத்துப்போனது. மூத்த விமானி ஓட்டும் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. இளையவர் பக்கத்தில் செருகியிருந்த பிளாஸ்டிக் பூசிய அட்டையை உருவி, கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு வரியிலும் வைத்து வாய்விட்டு வாசித்தார். ஒரு வரி, ஓர் ஆளி (சுவிட்ச்). அடுத்த வரி, அடுத்த ஆளி. விமானம் உலுக்கிய உலுக்கில் நகம் வரியை விட்டு நழுவும்போதெல்லாம் மறுபடி அதே வரிக்குத் திரும்பினார். பிறகு மூத்தவர் "பான்-பான்" என்று மூன்று முறை சொன்னது எங்களுக்குக் கேட்டது. அவசரம், ஆனால் உயிராபத்து இன்னும் இல்லை என்பதற்கான அழைப்பு அது. உயிராபத்து என்றால் "மேடே" என்பார்கள். அது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும்.

எங்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, கோணேசர் இருக்கிறார்" என்றார். நான் அவருடைய இடுப்புப் பட்டியை வயிற்றிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின் மேல் இழுத்து இறுக்கினேன். சேலை மடிப்பு கொக்கிக்குள் சிக்கியிருந்தது, அதை எடுத்துவிட்டேன். சேலை கட்டியவர்களோடு போகிறவர்கள் ஏறும்போதே இதைப் பாருங்கள். கொக்கியில் துணி சிக்கினால் அவசரத்தில் திறக்காது.

விமானம் தெற்கே திரும்பியது. மேகம் விலகியபோது கீழே மின்னேரியாக் குளம் தெரிந்தது. சற்று நேரத்தில் ஹிங்குராக்கொட விமானத்தளத்தில் சத்தமில்லாமல் இறங்கினோம்.

இறங்கியதும் மூத்த விமானியிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். மின்பிறப்பாக்கி வேலை செய்யவில்லை. ஆனால் அந்த இயந்திரம் ஒருமுறை எரியத் தொடங்கினால் ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை, அதனால் நின்றுவிடும் என்ற பயம் இருக்கவில்லை. இரண்டாவதாக ஒரு சிறிய மின்பிறப்பாக்கியும் பற்றரியும் இருந்தன. அவற்றைச் சேமிக்கத்தான் விளக்குகளையும் திரையையும் அணைத்தார்கள். சீனக்குடாவின் மேல் இடிமேகம் குந்திக்கொண்டிருந்தது. முழு மின்சாரம் இருக்கும் நாளிலேயே கடும் இடிமேகத்தை 20 கடல்மைல் விலகிப் போ என்பதுதான் விமானிகளுக்குக் கொடுக்கும் அறிவுரை. இந்த நிலையில் அதற்குள் போவதா? எங்களோடு ஏன் பேசவில்லை என்றும் கேட்டேன். "முதலில் விமானத்தை ஓட்ட வேண்டும், பிறகு போக்கிடம் பார்க்க வேண்டும், பேச்சு அதற்குப் பிறகுதான், அம்மா" என்றார். இது உலகம் முழுதும் விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு. முன்னால் இருப்பவர்கள் மௌனமாக இருந்தால் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகுதான் உண்மையான அவதி. அது விமானப்படைத் தளம், இஷ்டத்துக்கு வெளியே நடக்க முடியாது. நிறுவனத்தின் ஆள் ஒருவரும் அங்கே இல்லை. தொலைபேசியில் கேட்டால் "வேறு விமானம் வருகிறது" என்றார்கள். இருட்டிய பிறகு, வராது என்றார்கள். அம்மாவின் மாத்திரை நேரம் எப்போதோ கடந்துவிட்டது. பொதியைத் திறக்க அனுமதி வேண்டுமாம், அனுமதி கொடுப்பவர் கொழும்பில். ஓர் இளம் விமானப்படை வீரர்தான் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சாய்மானமுள்ள கதிரையும் பிளேன் டீயும் கொண்டுவந்து, தானே போய் விமானியிடம் பேசிப் பையை எடுத்துத் தந்தார். "அம்மா, பயம் வேண்டாம்" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அன்று எங்களுக்குத் தமிழில் கிடைத்த அறிவிப்பு அது ஒன்றுதான்.

கடைசியில் நிறுவனம் ஒரு வான் தருவதாகச் சொன்னது, கொழும்புக்கு! திருகோணமலை வீட்டுக்குப் போக வேண்டியவர்களைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்ப எப்படித்தான் மனம் வந்ததோ. நாங்கள் சில பேர் சேர்ந்து சொந்தக் காசில் வான் பிடித்து ஹபரணை, கந்தளாய் வழியாக வந்தோம். இரவில் அந்தப் பாதையில் யானை நிற்கும், சாரதியை வேகமாக ஓட்டச் சொல்லாதீர்கள்.

புறப்படும் முன் ஒரு காரியம் செய்தேன். போர்டிங் பாஸின் பின்புறத்தில், மின்பிறப்பாக்கிக் கோளாறினால் விமானம் திசை திருப்பப்பட்டது என்று எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்து வைத்துத் தரும்படி மூத்த விமானியிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார், பிறகு எழுதினார். அதுதான் என்னைக் காப்பாற்றியது. பணம் கேட்டுப் போனபோது அலுவலகத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "காலநிலை மேடம், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார். போர்டிங் பாஸைத் திருப்பி மேசையில் வைத்தேன். வாசித்தார், உள்ளே எடுத்துப் போனார், வெளியே வந்தபோது கதிரை காட்டினார். டிக்கெட் பணம் முழுதும் கிடைத்தது. ஆகவே காரணத்தை எழுத்தில் வாங்காமல் எந்த விமானத்தளத்தையும் விட்டு வெளியேறாதீர்கள், மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், முதலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

வான் கூலி இன்னும் வரவில்லை. பற்றுச்சீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தமிழ் விளக்கம் இல்லாதது பற்றிச் சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். இந்தப் பாதையில் பறந்து, தமிழ் கேட்காமல் இறங்கியவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை தை மாதம். காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், மாத்திரை என் சட்டைப்பையில் வரும்.