முகாமில் இருப்பவர்களுக்கும் வக்கீல் உண்டு

இலங்கையிலிருந்து அகதிகளாக நாங்கள் வந்து சேர்ந்த 1990ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை. மன்னார்க் கரையிலிருந்து படகில் ராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு பஸ்ஸில் வடக்கே வெகுதூரம். இறங்கிய இடம் தருமபுரி மாவட்டம் என்றார்கள். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. அதன்பிறகு எங்கள் அட்டைகளில் மாவட்டத்தின் பெயர் மாறியது.

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஊர் பழகக் கொஞ்ச காலம் பிடித்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்பாறைக் குன்றும் செம்மண்ணும் மாந்தோப்பும்தான். அணையில் பிடித்த மீனை அம்மா வாங்கி வந்து குழம்பு வைப்பார்; எவ்வளவு புளி ஊற்றினாலும் இது மீனே இல்லை என்று தட்டைத் தள்ளிவிடுவார். பக்கத்து ஊர்ப் பெண்கள் கேழ்வரகுக் களி கிண்டக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று என் பிள்ளைகளுக்குப் புட்டைவிடக் களியே பிடிக்கிறது. மாங்காய்ப் பருவத்தில் பெண்கள் மாங்கூழ் ஆலைக்குப் போனோம், ஆண்கள் பெயின்ட் அடிக்கப் போனார்கள். ஓசூரும் பெங்களூரும் வளர வளர அவர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை.

சாப்பாடும் வேலையும் பழகிவிட்டன. பழகாதது ஒன்று உண்டு. முகாமில் வளர்ந்தவர்களுக்கு அரசு அலுவலகம் என்றால் அனுமதி கேட்கும் இடம். வெளியூர் போக அனுமதி, உறவினர் வந்து தங்க அனுமதி. மாதந்தோறும் தணிக்கைக்கு, அதாவது பதிவேட்டை வைத்து ஆள் சரிபார்ப்பதற்கு, நேரில் நிற்க வேண்டும். பணக்கொடை என்னும் மாத உதவித்தொகை, ரேஷன் அரிசி எல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கும் பெயரை நம்பியவை. 2021இல் அரசு எங்கள் இடத்துக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, உதவித்தொகையையும் உயர்த்தியது. அதற்கு நன்றி உண்டு. ஆனாலும், நமக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்க ஓர் அலுவலகம் இருக்கும், அங்கே நமக்காகப் பேச ஒருவர் சம்பளமில்லாமல் வருவார் என்பதை எங்களில் பெரும்பாலானோர் நம்பவில்லை. கோர்ட், போலீஸ் பக்கம் போனால் இருக்கிற பதிவுக்கும் ஆபத்து என்றே பெரியவர்கள் சொல்லி வளர்த்தார்கள். அந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பு நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் பெயின்டர். அத்திப்பள்ளி பக்கம் வேலை முடிந்து, பஸ் பிடிக்கச் சாலையோரம் நடந்து வந்தவர்மேல் ஒரு சரக்கு வண்டி மோதியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அத்திப்பள்ளி கர்நாடக எல்லைக்குள் இருப்பதால் வழக்கைப் பதிவு செய்தது அந்த மாநிலப் போலீஸ். முதல் தகவல் அறிக்கை முழுவதும் கன்னடத்தில் இருந்தது.

அண்ணன் அறுவை அரங்கில் இருந்தபோதே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மிகவும் அன்பாகப் பேசினார். வழக்கை பெங்களூரில்தான் போட முடியும், கன்னடம் தெரியாமல் நீங்கள் என்ன செய்வீர்கள், அகதிகளுக்கு எளிதில் இழப்பீடு தர மாட்டார்கள், என்னிடம் விட்டால் முடித்துத் தருகிறேன், வருவதில் பாதி எனக்கு என்றார். எழுதாத தாள்கள் சிலவற்றையும் வக்கீலை நியமிக்கும் ஒரு வக்காலத்துப் படிவத்தையும் நீட்டினார். கணவர் கண் விழிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அண்ணி சொல்லிவிட்டார். அன்றைக்கு அண்ணி காட்டிய உறுதியால்தான் பிறகு நடந்த எல்லாம் நடந்தது.

அந்த ஆள் சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை. விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வக்கீல்கள் ஊதியம் வாங்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கிறது. இழப்பீடு கேட்கக் குடியுரிமை வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது, முகாம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் ஆசிரியை ஒருவரால். கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, ஒரு ரூபாய் தராமல் வக்கீல் கிடைப்பார், போய்ப் பாருங்கள் என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி என்னைத் துணைக்கு அழைத்துப் போனார்.

பெரிய அலுவலகம் இல்லை. மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் இருந்தார், சட்டத் தன்னார்வலர். "உட்காருங்கள் அக்கா" என்றார். உட்காரச் சொன்னதே அண்ணிக்குப் புதிது. நாற்காலியின் நுனியில், பிளாஸ்டிக் பையை மடியில் அணைத்தபடி இருந்தார். பையில் எக்ஸ்ரே, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், அந்தக் கன்னட அறிக்கை, முகாம் அடையாள அட்டை. அட்டையைக் கடைசியில், தயங்கித் தயங்கி எடுத்து வைத்தார். அந்தப் பெண் அதைப் பார்த்தார், எண்ணைக் குறித்துக்கொண்டார், திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். அடுத்த கேள்வி விபத்து நடந்த தேதியைப் பற்றியது. விண்ணப்பத்தை அண்ணி வாயால் சொல்லச் சொல்ல அவரே எழுதி, முழுவதையும் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்.

இந்த உதவி யாருடைய கருணையும் இல்லை. 1976இல் அரசியலமைப்பில் சேர்ந்த 39ஏ பிரிவு ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று அரசுக்குக் கடமை விதித்தது. அதற்காக வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987ஆம் ஆண்டினுடையது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. யார் யாருக்கு உதவி என்று அதன் 12ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள்: இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானத்துக்குப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலே போதும் என்று ஏற்றுக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

அந்தப் பட்டியலில் இன்னொரு வரி இருக்கிறது. வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சாதிக் கொடுமை ஆகியவற்றோடு இன வன்முறைக்கு ஆளாகித் தங்கள் தவறின்றி வறுமையில் விழுந்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் விண்ணப்பத்துக்கு அந்த வரி தேவைப்படவில்லை. அண்ணனின் வருமானம் அந்த வரம்புக்குள் இருந்ததே போதுமாக இருந்தது. ஆனால் அதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. எங்களைப் போன்றவர்களை நினைத்து டில்லியில் யாரோ ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். அது முகாமுக்கு வந்து சேர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஆணைக்குழு நியமித்த வக்கீல் அம்மா முதலில் கேட்டது தேதியைத்தான். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போடக் கெடு வைத்திருக்கிறது. அதற்கு முன் அப்படிக் கெடு இல்லாததால், முதலில் கால் ஆறட்டும், வழக்கு எங்கே போகிறது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். எங்களுக்கு நாள் இருந்தது. கன்னட அறிக்கையை மொழிபெயர்க்கும் செலவும் சட்ட உதவிக்குள்ளேயே வந்தது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அண்ணனின் வருமானத்தை எப்படி நிரூபிப்பது? நாள்கூலிக்குச் சம்பளச் சீட்டு ஏது? வக்கீல் அம்மா மேஸ்திரியைத் தேடச் சொன்னார். மேஸ்திரி நல்ல மனிதர், காவேரிப்பட்டணத்துக்காரர். கூலிக் கணக்கு எழுதும் நோட்டை எடுத்து வந்தார். அட்டையெல்லாம் பெயின்ட் விரல்தடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் யாருக்கு எத்தனை நாள், எவ்வளவு கூலி, எவ்வளவு முன்பணம் என்று பென்சிலில் எழுதியிருந்தார். அண்ணனின் பெயருக்கு நேரே அண்ணனே போட்ட சுருக்கக் கையொப்பம். அந்த நோட்டும் மேஸ்திரியின் சாட்சியமும்தான் எங்கள் சம்பளச் சீட்டு. கூலி வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: மேஸ்திரி எழுதும் கணக்கில் உங்கள் கையெழுத்து இருக்கட்டும்.

வழக்கு பிறகு மக்கள் நீதிமன்றத்துக்குப் போனது. லோக் அதாலத் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். அங்கே சமரசம்தான், கட்டாயம் எதுவுமில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் அதிகாரி ஒரு தொகை சொன்னார். அண்ணன் வேலையின்றிக் கிடந்த மாதங்களும், இனி சாரத்தில் ஏற முடியாத காலும் அந்தத் தொகையில் இல்லை. அண்ணன் தலையாட்டப் போனார். "அவசரப்பட வேண்டாம், இங்கே ஒப்புக்கொண்டால் அப்பீல் கிடையாது" என்று வக்கீல் அம்மா காதருகே சொன்னார். இது முக்கியம். மக்கள் நீதிமன்றத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதற்குமேல் முறையீடு இல்லை. உடன்பாடு வராவிட்டால் வழக்கு பழைய இடத்துக்கே திரும்பும். நாம் எதையும் இழப்பதில்லை. நாங்கள் மறுத்தோம். ஊனச் சதவீதச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த அமர்வில் பேசியபோது தொகை ஏறியது. நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது, ஒப்புக்கொண்டோம். பணம் நேராக அண்ணனின் வங்கிக் கணக்குக்கு வந்தது. அதில் பாதியை யாருக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இலவசம் என்பது வக்கீல் ஊதியத்துக்கும் கோர்ட் செலவுக்கும்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் நம் கையிலிருந்துதான் போகின்றன. ஏழைகளுக்கு அதுவே பெரிய கட்டணம். வாய்தாவும் முகாம் தணிக்கையும் ஒரே நாளில் வந்தால் இரண்டு பக்கமும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க அலைய வேண்டும். சட்ட உதவி வக்கீல்களின் கையில் வழக்குகள் நிறைய இருப்பதால் சில நேரம் போன் எடுக்க மாட்டார்கள். வக்கீல் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் ஆணைக்குழுவிடம் சொல்லி வேறு ஒருவரைக் கேட்கலாம். அவர் உங்களிடம் பணம் கேட்டால், அதையும் சொல்லலாம். வாங்கக் கூடாது என்பதே விதி.

அண்ணன் இப்போது முகாம் வாசலில் சின்னக் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு மிட்டாயும் பெரியவர்களுக்குச் சட்ட ஆலோசனையும் அங்கே கிடைக்கும். வெளியூர்ப் பையனைக் கல்யாணம் செய்து கைவிடப்பட்ட ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். ஆறு மாதக் கூலியைத் தராமல் இழுத்தடித்த ஒப்பந்ததாரர்மேல் இரண்டு பேர் விண்ணப்பம் எழுதியிருக்கிறார்கள்.

ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் இதற்காகக் கிருஷ்ணகிரிக்கு வர வேண்டியதில்லை. அங்கே நீதிமன்றத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. தருமபுரி முகாம்களில் இருப்பவர்களுக்குத் தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கையில் இருக்கும் காகிதங்கள் அத்தனையையும் எடுத்துப் போங்கள், முகாம் அட்டையையும் சேர்த்து. எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள்.