ஆன்லைன் கவுன்சலிங்: பேக்கேஜ் மட்டும் வாங்கிவிடாதீர்கள்

ஆன்லைன் கவுன்சலிங் ஆப்பில் கட்டிய பணத்துக்கு ரீஃபண்டு ஒருவழியாக வந்துவிட்டது. முழுத் தொகை இல்லை. ஆனாலும் போராடி வாங்கிய பணம் என்பதால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே பாதையில் போகிறவர்களுக்கு உதவும்.

எங்கள் ஊர் கரூர். மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கை விழுந்துவிட்டது. பையன் பிளஸ் டூ. வீட்டுக்காரருக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. எனக்கு ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு. பெரிய சண்டை சச்சரவு என்று எதுவும் கிடையாது. ஆனால் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவேன், ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் வராது. இந்த ஊரில் மனநல மருத்துவர் வாசலில் நின்றால் நான் வீடு திரும்புவதற்குள் செய்தி தெரு முழுக்கப் போயிருக்கும். அதனால்தான் ஆன்லைன்.

விளம்பரத்தில் பார்த்த ஒரு ஆப்பில் சேர்ந்தேன். ஒற்றை செஷன் 1,100 ரூபாய். ஆறு செஷன் பேக்கேஜாக வாங்கினால் 5,400. யாராக இருந்தாலும் பேக்கேஜைத்தான் வாங்குவோம், அப்படித்தான் விலை வைத்திருக்கிறார்கள். பதிவு செய்வது, பணம் கட்டுவது எல்லாம் ஐந்து நிமிட வேலை. வாங்கும்போது அவ்வளவு சுலபம்.

மொழி என்ற இடத்தில் தமிழை டிக் செய்திருந்தேன். திரையில் வந்த பெண்ணுக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் எல்லாம் ஆங்கிலம். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓரகத்தி ஏன் மாமியாரைப் பார்க்க வருவதில்லை, நாத்தனார் போனில் ஏன் என்னைக் குறை சொல்கிறாள் என்று நம் வீட்டு உறவுகளை விளக்கி முடிப்பதற்குள்ளேயே நாற்பத்தைந்து நிமிடமும் போய்விட்டது. கடைசியில் மூச்சுப் பயிற்சி வீடியோ ஒன்றை அனுப்பிவிட்டு முடித்துக்கொண்டார். எந்தப் படிப்பு முடித்தவர் என்று ஆப்பில் தேடினேன். 'சான்றிதழ் பெற்ற வெல்னஸ் நிபுணர்' என்று மட்டும் இருந்தது. யார் தந்த சான்றிதழ் என்ற விவரம் எங்கும் இல்லை.

அடுத்த செஷன் நாளன்று எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தினார்கள். வைஃபை போய்விட்டது, மொபைல் டேட்டாவில் வீடியோ நின்று நின்று வந்தது. நான் வரவே இல்லை என்று பதிவு செய்து அந்த செஷனைக் கழித்துவிட்டார்கள். சாட்டில் கேட்டால், 'உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம். உங்கள் மனநலமே எங்களுக்கு முக்கியம்' என்று பதில் வருகிறது. எதைக் கேட்டாலும் அதே இரண்டு வரி. மன அழுத்தத்துக்கு மருந்து தேடிப் போன இடத்தில் புதிதாக ஒரு மன அழுத்தம்.

இதற்கு நடுவில் வங்கியிலிருந்து, நாளை 499 ரூபாய் எடுக்கப்படும் என்று முன்னறிவிப்பு மெசேஜ். பேக்கேஜ் பக்கத்திலேயே 'மாதாந்திரப் பராமரிப்புத் திட்டம்' என்ற கட்டம் தானாக டிக் ஆகியிருந்ததாம். ஆட்டோபேயில், அதாவது மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில், பணம் போவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் இப்படித் தகவல் வந்தாக வேண்டும். அந்த மெசேஜைத் தள்ளிவிடாதீர்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற இடத்துக்குப் போய் அதை ரத்து செய்துவிடலாம், கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். நாம் கேட்காததை நம் கூடையில் சேர்ப்பதும், சந்தாவில் சிக்கவைப்பதும் கூடாது என்று 2023-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் இணைத்தேன். அதுவரை இரண்டு வரி பதில் மட்டுமே தந்தவர்கள், புகார் போனபின் ஒரு மனிதரை வைத்து போன் பண்ணவைத்தார்கள். "மேம், ஒன் டைம் எக்ஸப்ஷனாத் தர்றோம்" என்றார். எக்ஸப்ஷனாம்! நடந்த ஒரு செஷனுக்கான தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள்.

பணம் வருவதற்கு முன்பே, தூக்கம் வராத ஒரு ராத்திரியில் டெலிமனாஸ் எண் 14416-ஐக் கூப்பிட்டேன். மனநல ஆலோசனைக்காக 2022 அக்டோபரில் ஆரம்பித்த அரசு தொலைபேசி சேவை, 24 மணி நேரமும் உண்டு, இலவசம். தமிழைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு பெண் எடுத்தார். தூக்கம், சாப்பாடு, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டார். முதலில் திக்கென்றது. ஆனால் அப்படி நேராகக் கேட்டதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. தூக்கப் பிரச்சனை நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள், வாராவாரம் ஒரே ஆளிடம் பேச வேண்டும் என்றால் ஒரு உளவியலாளரைப் பிடியுங்கள் என்றும் அவரே சொன்னார். பகலெல்லாம் பிள்ளைகள், வேலை என்று ஓடிவிட்டு ராத்திரியில் யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இந்த எண்ணில் பேசிப் பாருங்கள்.

உளவியலாளரைத் தேடும்போது ஒரு விஷயம். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் இருக்க வேண்டும்; அந்தப் பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். எம்எஸ்சி உளவியல் முடித்துவிட்டு நன்றாகச் செய்கிறவர்களும் உண்டு, அவர்கள் பெயர் அதில் இருக்காது. அவர்களிடம் எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள். மாத்திரை எழுதித் தருகிறேன் என்று கவுன்சலர் சொன்னால் மட்டும் உடனே போனை வைத்துவிடுங்கள், அது மனநல மருத்துவரின் வேலை.

இப்போது பேசுகிறவர் மதுரைக்காரர். பதிவு எண்ணைக் கேட்டதும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். ஒவ்வொரு செஷனுக்கும் தனித்தனியாகப் பணம், முன்கூட்டியே எதுவும் கட்டவில்லை.

இன்னும் தீராத தலைவலி இடம்தான். இரண்டு அறை வீட்டில் மாமியாரைப் பற்றி மாமியார் காதில் விழாமல் எங்கே பேசுவது? மொட்டை மாடிக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்கா வடகம் காயவைக்க வந்துவிடுகிறார். ஒரு தடவை நான் அழுதுகொண்டிருக்கும்போது "யாரு கண்ணு, அம்மாவா?" என்று கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். இப்போது சனிக்கிழமை மதியம் அலுவலகத்தில் ஸ்டாக் ரூமை உள்ளே தாழிட்டுக்கொண்டு, துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசுகிறேன். எதிரொலி இல்லை, ஆடியோ பிரமாதம்.

எப்போதெல்லாம் கத்துகிறேன் என்று நேரத்தோடு எழுதி வைக்கச் சொன்னார் மதுரைக்காரர். எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு. நான் வந்ததும் அத்தைக்குப் பயிற்சி, பையனுக்கு டியூஷன், அடுப்பு எல்லாம் ஒன்றாகச் சேரும் நேரம். கை பயிற்சியைக் காலைக்கு மாற்றியதிலேயே பாதி குறைந்துவிட்டது. இரண்டு மணி விழிப்பு இன்னும் இருக்கிறது.

அடுத்த செஷனில் வீட்டுக்காரரும் கொஞ்ச நேரம் சேர்ந்தால் நல்லது என்றிருக்கிறார். முதலில், எனக்கென்ன பைத்தியமா என்றவர், இப்போது கேமராவை ஆன் பண்ண மாட்டேன் என்ற கண்டிஷனோடு ஒத்துக்கொண்டிருக்கிறார்.