காரைக்குடிக்கு சிக்னல் வரட்டும், ஆனா ஒண்ணோட ஒண்ணு பேசுற சிக்னலா வரட்டும்

2024ல காரைக்குடி மாநகராட்சி ஆயிருச்சு, இனிமே மூலைக்கு மூலை சிக்னல் வரும்னு ஊரே பேசுது. வரட்டும், வேண்டியதுதான். ஆனா கம்பத்த நட்டு லைட்ட மாட்டுனா மட்டும் நெரிசல் குறையாதுங்க.

கணக்கு ரொம்ப சிம்பிள். ரெண்டு சிக்னலுக்கு நடுவுல 500 மீட்டர்னு வைங்க, 30 கிலோமீட்டர் வேகத்துல வந்தா ஒரு நிமிஷம். முதல் சிக்னல்ல பச்சை விழுந்து 60 செகண்ட் கழிச்சு அடுத்ததுல பச்சை விழுந்தா நிக்காம போயிரலாம், இந்த 60 செகண்ட் இடைவெளியத்தான் ஆஃப்செட்னு சொல்றாங்க, ஆனா அதுக்கு ரெண்டு சிக்னலுக்கும் மொத்த சுத்து நேரம், அதாவது ஒரு பச்சைல இருந்து அடுத்த பச்சை வரைக்கும் ஆகுற நேரம், ஒரே அளவா இருக்கணும், இல்லேன்னா ரெண்டு சுத்துலயே கணக்கு கலைஞ்சிரும், அப்புறம் ஒண்ணுல தப்பிச்ச பஸ்ஸு அடுத்ததுல மாட்டி, பின்னாடி வரிசை வளந்து முந்தின ஜங்ஷனையே அடைச்சிரும்.

மெஸ்ல பக்கத்துல சாப்பிட்ட அண்ணன் ஒருத்தர், "தம்பி, கல்லுக்கட்டில போலீஸ்காரர் ஒருத்தர் நின்னா போதாதா"ன்னாரு. அவரு நல்லாவே பாப்பாரு, ஆனா செக்காலை ரோட்டுல எவ்வளவு வண்டி கிளம்பிருக்குன்னு அவருக்கு எப்படிண்ணே தெரியும்?

அதுக்குத்தான் 1970கள்லயே பிரிட்டன்ல ஸ்கூட், சிட்னில ஸ்காட்ஸ்னு சிஸ்டம் கொண்டு வந்தாங்க. ரோட்டுக்கு அடியில கம்பி வளையம் பதிச்சு, மேல போற வண்டிய அது உணர்ந்து கம்ப்யூட்டருக்கு சொல்லும், பச்சை நேரம் அதுக்கேத்த மாதிரி கூடும் குறையும். நம்ம ரோட்டுல பைக்கு, ஆட்டோ, பஸ்ஸுன்னு எல்லாம் கலந்து வரும், லேன் பிடிச்சு யாரும் வர்றதில்ல. இந்த மாதிரி ட்ராஃபிக்குக்குன்னே திருவனந்தபுரத்துல இருக்குற சி-டாக்ங்கிற மத்திய அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் காசிகாஸ்ட்னு ஒரு சிஸ்டம் பண்ணிருக்காங்க.

எனக்கு பெரிய கவலை நடக்குறவங்க பத்தி. வண்டிய மட்டும் எண்ணுற சிஸ்டத்துக்கு காய்கறிப் பையோட நிக்கிற ஆச்சி கண்ணுலயே படாது. 12 மீட்டர் ரோட்ட செகண்டுக்கு 1.2 மீட்டர் நடந்தா 10 செகண்ட்ல கடந்துரலாம், முட்டி வலிக்கிறவங்க 0.8 மீட்டர்தான் நடப்பாங்க, அவங்களுக்கு 15 வேணும். அந்த 5 செகண்ட பிடிவாதமா கேட்டு வாங்கணும். தைப்பூசத்துக்கு குன்றக்குடி வழியா பழனிக்கு நடக்குற நகரத்தார் காவடிக் கூட்டத்துக்கும் தனி நேரக்கணக்கு முன்னாடியே போட்டு வைக்கலாம், சிக்னலெல்லாம் ஒரே கண்ட்ரோல் ரூம்ல சேந்திருந்தா அங்க உக்காந்தே மாத்திரலாம்.

வார்டு கவுன்சிலர பாத்தா இத சொல்லுங்க: சிக்னல இயக்குற பெட்டி எந்த கம்பெனியோடதா இருந்தாலும் மத்த பெட்டியோட பேசணும், ரோடு கடக்குறவங்களுக்கு பட்டன் இருக்கணும். ரெண்டும் டெண்டர்லயே எழுதிரணும், ரோட்ட போட்டப்புறம் கேபிளுக்குத் திரும்பத் தோண்டுனா ரெட்டைச் செலவு.