சொறி பிடித்த மறியும் பதறிய பட்டியும்

யாழ்ப்பாணத்தில் ஆடு வளர்ப்பவர்களுக்கு மார்கழி சோதனையான மாதம். ஐப்பசியில் பிடித்த மழை ஓய்ந்த பிறகும் கொட்டிலின் நிலம் காய்வதில்லை. மேயவிட வழியில்லாமல் கட்டிவைத்துக் குழை போடுகிற நாட்களே அதிகம். பின்னிரவுக் குளிருக்கு ஆடுகள் ஒன்றின் விலாவில் மற்றது முகத்தைப் புதைத்துக்கொண்டு படுக்கும். தோலில் குடியிருக்கும் சிற்றுண்ணிக்கு இதைவிட வாய்ப்பான காலம் கிடைக்காது. எங்கள் பட்டியில் அது முதலில் வெளித்தெரிந்தது கறுப்பி என்ற மறியிடம். காது விளிம்பில் மயிர் உதிர்ந்து சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியது. பிறகு கண்ணைச் சுற்றியும் முன்னங்கால் மடிப்பிலும் அடித்தொடையிலும் தோல் தடித்துச் சுருங்கியது. குழையைத் தின்றுகொண்டிருக்கும்போதே பாதியில் விட்டுவிட்டுக் கொட்டிலின் பனைக்கப்பில் கழுத்தைத் தேய்க்கப் போய்விடுவாள்.

கறுப்பி வெறும் ஒரு மறியல்லள்; பட்டியில் முன்னே நடப்பவள். அவள் படலையைத் தாண்டினால்தான் மற்றவை தாண்டும். ஆகவே அவளுக்கு வந்த சொறி பட்டி முழுவதையும் நிலைகுலையச் செய்தது. மருந்தைப் பற்றிச் சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது தொல்லையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆடு சொறிவதெல்லாம் சிற்றுண்ணியால் அல்ல. முதுகு மயிரைப் பிரித்துப் பார்த்தால் பேன் கண்ணுக்கே தெரியும். வட்டம் வட்டமாக மயிர் கொட்டியிருந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம். அதில் அரிப்பு குறைவு. டெமொடெக்ஸ் என்ற வகைச் சிற்றுண்ணி தோலுக்குள் பயற்றங்கொட்டை போன்ற கட்டிகளை உண்டாக்குமே தவிர ஆட்டைச் சொறியவைக்காது. கோரியொப்டெஸ் காலின் கீழ்ப்பகுதியில் தோலின் மேற்பரப்பிலேயே வாழும். சார்கொப்டெஸ்தான் பொல்லாதது. அரை மில்லிமீற்றர் நீளம்கூட இல்லாத அதன் பெண், தோலுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டு போய் வழிநெடுக முட்டையிடும். அந்த முட்டைகள் சில நாட்களில் பொரித்து, இரண்டு மூன்று வாரங்களுக்குள் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராகிவிடும். எது எதுவென்று உறுதிப்படுத்த மிருக வைத்தியர் புண்ணின் நடுவில் அல்லாமல் அதன் ஓரத்தில், இலேசாக இரத்தம் கசியும்வரை தோலைச் சுரண்டி எடுத்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். சார்கொப்டெஸ் சில வேளைகளில் அகப்படாமலும் போய்விடும். அப்போது அறிகுறிகளையும் பட்டியின் நிலையையும் கொண்டு தீர்மானிக்க வேண்டியதுதான்.

பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, உதை உடன கொண்டுபோய் அடிவளவில தனியக் கட்டு, இல்லாட்டி எல்லாத்துக்கும் தொத்தும்” என்றார். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கேட்கும்போது நியாயமாகவும் தோன்றும். ஆனால் இதில் பாதிதான் சரி என்பது என் கருத்து. சிற்றுண்ணி முதன்முறையாகத் தொற்றிய ஆட்டுக்கு அரிப்புத் தொடங்கவே சில வாரங்கள் பிடிக்கும், ஏனென்றால் அரிப்பென்பது பெரும்பாலும் அந்தப் பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் உடல் காட்டும் ஒவ்வாமை. அப்படியானால் கறுப்பி சொறியத் தொடங்கிய நாளுக்கு முன்பே அவளோடு ஒட்டிப் படுத்தவை எல்லாம் தொற்றை வாங்கியிருக்கும் என்றுதான் கொள்ள வேண்டும். இந்த நிலையில் அவளை மட்டும் பிரித்துக் கட்டுவதால் பட்டி காப்பாற்றப்படாது. நோயின் மேல் ஒரு துன்பம் கூடும், அவ்வளவுதான்.

அந்தத் துன்பம் எப்படிப்பட்டது என்பதை வைத்தியர் வரும்வரை கறுப்பியைக் கிணற்றடிக்கு அப்பால் கட்டியிருந்த பொழுதில் பார்த்தோம். அவள் அடித்தொண்டையால் கத்த, கொட்டிலில் நின்றவை அதைவிட உயர்ந்த குரலில் விடாமல் பதில் கத்தின. குட்டிகள் கயிறு இறுகும்வரை அவள் பக்கம் இழுத்தன. புள்ளிச்சி என்ற மறி தொட்டிக்குள் இருந்த தவிட்டையும் எள்ளுப்பிண்ணாக்கையும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காலைப் பாலும் குறைந்தது. ஆடு கூட்டத்தில் வாழப் பிறந்த விலங்கு. கூட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போனால் அதன் உடலில் அழுத்தத்துக்கான சுரப்புகள் கூடும், தீனி குறையும், நோயை எதிர்க்கும் வலுவும் தளரும். ஏற்கெனவே இளைத்த ஆட்டில்தான் சொறி வேகமாகப் பரவும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், தனிமையே நோய்க்கு உதவி செய்கிறது என்பது விளங்கும். திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. கிடாய் மட்டுமல்ல, மறிகளும் முன்வரிசைக்காகக் கொம்பு மோதும். தலைவி நீண்ட நாள் இல்லாமலிருந்தால் அவளுடைய இடத்தைப் பிடிக்க இன்னொன்று துணிந்துவிடும்.

ஆகவே நாங்கள் கொட்டிலுக்குள்ளேயே ஒரு மூலையைக் கம்பிவலையால் மறித்துக் கறுப்பியை அதில் விட்டோம். உடலோடு உடல் உரசாத அளவு இடைவெளி இருந்தது. பார்க்கவும் குரல் கேட்கவும் முகரவும் தடையில்லை. அன்று மாலையே தீனி பழையபடி இறங்கியது.

மருந்து எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போடப்பட்டது. வைத்தியர் தந்தது ஐவர்மெக்ரின் ஊசி. யப்பானில் ஒரு பிடி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பற்றீரியாவில் பிறந்த மருந்து இது. இதற்காகச் சத்தோசி ஒமுரா, வில்லியம் காம்பெல் இருவரும் 2015 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். கிலோகிராமுக்கு 200 மைக்கிரோகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு வீதக் கரைசலானால் 50 கிலோகிராம் எடைக்கு ஒரு மில்லிலீற்றர் வரும். ஆனால் ஆட்டின் உடல் இம்மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும் என்பதால் அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். எடையைக் கண்மதிப்பில் சொல்லக்கூடாது. தையல் நாடாவால் முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்புவரை நீளத்தையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 300 ஆல் வகுத்தால் எடை இறாத்தலில் வரும். 28 அங்குலச் சுற்றளவும் 26 அங்குல நீளமும் உள்ள மறி ஏறத்தாழ 68 இறாத்தல், அதாவது 31 கிலோகிராம்.

இந்த ஊசி முட்டையைக் கொல்லாது. முதல் ஊசிக்குத் தப்பிய முட்டைகள் பொரித்து வளர்ந்து தாமே முட்டையிடுவதற்கு முன் இரண்டாவது ஊசி விழ வேண்டும் என்பதால்தான் இரண்டு வாரமளவில் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஆடு நன்றாகிவிட்டதே என்று இரண்டாவதைத் தவிர்ப்பவர்கள் ஊரில் அதிகம். அவர்களுடைய பட்டியில்தான் சொறி ஆண்டுதோறும் வருகிறது. மருந்து பாலிலும் கலக்கும். வைத்தியர் அனுமதிக்கும்வரை அந்தப் பாலைக் குடிக்கவோ கொடுக்கவோ கூடாது. எங்கள் வீட்டில் அம்மாவின் தேநீர் அதனால் சில காலம் வெறும் தேநீராயிற்று.

வெளிப்பூச்சிலும் கவனம் வேண்டும். தடித்த பொருக்குக்கு முதல்நாள் இரவு தேங்காயெண்ணெய் பூசி ஊறவைத்து, வெயில் ஏறிய பிறகு சவர்க்காரத்தால் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் வைத்தியர் சொன்ன கந்தகக் களிம்பைப் பூசினோம். வேப்பெண்ணெய் பூசுவதில் எனக்கு மறுப்பில்லை. புண்ணில் ஈ மொய்க்காமல் காக்கும். ஆனால் தோலுக்குள் புதைந்திருப்பதை அது தனியே முடித்துவிடும் என்று நான் நம்பவில்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து கழித்த ஒயிலைப் பூசுகிற வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். அது தோலை எரிக்கும். ஆடு நக்கினால் அதிலுள்ள நச்சு உலோகங்கள் வயிற்றுக்குள் போகும்.

களிம்பின் மணமும் ஒரு விடயம். ஆடுகள் ஒன்றையொன்று பெரும்பாலும் மணத்தால் அறிகின்றன. கந்தகம் நாறும் கறுப்பியைத் தன் குட்டியே முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. அதற்கு நாங்கள் செய்தது எளிய வேலை: எல்லாவற்றின் கழுத்திலும் அதே களிம்பை இலேசாகத் தடவிவிட்டோம். குட்டி மறுபடியும் மடிக்குப் போனது.

பதறிய ஆட்டுக்கு ஊசி போடுவது அதைப் பிடிக்கும் ஆளைப் பொறுத்தது. கொம்பில் பிடித்து இழுத்தால் எந்த ஆடும் முரண்டும். தாடைக்குக் கீழே ஒரு கையும் பின்தொடையில் ஒரு கையும் வைத்து, நாள்தோறும் குழை போடுகிறவரே பிடித்தால் பாதிப் போராட்டம் இல்லை. அடுத்த ஆட்டை மூக்குத் தொடும் தூரத்தில் நிறுத்தி வைத்தோம். முதலில் கறுப்பிக்குப் போட்டது வேண்டுமென்றே செய்தது, அவள் ஊசி விழுந்ததும் பூவரசம் குழையைக் கடிக்கத் தொடங்கியதைப் பார்த்து மற்றவையும் அடங்கின. மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தாலும் ஒன்றைத் தனியே ஓட்டோவில் ஏற்றாமல் துணைக்கு இன்னொன்றையும் ஏற்றுவது நல்லது; ஓட்டோக்காரர் முகம் சுளிப்பார் என்பது வேறு கதை.

இந்தப் பூச்சிக் குடும்பம் ஆட்டோடு நிற்பதில்லை. குளிர்நாடுகளில் கால்மயிர் அடர்ந்த குதிரைகளின் குளம்புக்கு மேலே கோரியொப்டெஸ் குடியிருந்து அவற்றை ஓயாமல் கால் உதைக்க வைக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பயன்படும் அமித்ராஸ் என்ற கழுவுமருந்து குதிரைக்கு ஆகாது. அதன் குடலசைவை நிறுத்திவிடக் கூடியது. நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்து ஆசைப்பட்டுக் குதிரை வளர்க்க நினைப்பவர்கள் யாரேனும் இருந்தால் ஆட்டு மருந்தைக் கொண்டு போய்க் குதிரையில் ஊற்ற வேண்டாம்.

கொட்டிலையும் விட்டுவைக்க முடியாது. ஆட்டை விட்டு விழுந்த சிற்றுண்ணி ஈரமும் குளிருமான இடத்தில் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கிலும் உயிர் வாழும். சுட்டெரிக்கும் வெயிலில் விரைவில் மடியும். அதனால் எருவை முழுதாக அள்ளி வெங்காயத் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டு, தரைக்கு அடித்திருந்த பனஞ்சலாகைகளைக் கழற்றி முற்றத்தில் வெயிலுக்குப் பரப்பி, ஆடுகள் தேய்த்த கப்புகளுக்குச் சுண்ணாம்பு பூசினோம். கட்டுகயிறுகளை எரித்துவிட்டுப் புதுக்கயிறு வாங்கினோம். அந்த வேலையில் என் முன்கையில் சிறு சிவப்புத் தடிப்புகள் எழுந்து அரித்தன. ஆட்டின் சார்கொப்டெஸ் மனிதத் தோலில் நிலைத்துப் பெருகாது. ஆடுகள் தேறியதும் அதுவும் தணிந்துவிட்டது. நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பூச்சி செத்த பின்னும் ஆடு சில வாரங்கள் சொறியும் என்பதை முன்கூட்டியே தெரிந்திருந்தால் வீணாகக் கலங்க வேண்டியதில்லை. தோலில் புதுப் பொருக்கு எழாமல் இருக்கிறதா, காது விளிம்பில் மயிர் முளைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கறுப்பிக்குத் தைப்பொங்கலுக்குப் பிறகு மயிர் அரும்பியது. மறிப்பு வலையை எடுத்துவிட்டோம், கொம்பு மோதல் எதுவும் நடக்கவில்லை.

இப்போது சந்தையில் ஆடு வாங்கும்போது விலை பேசுவதற்கு முன் காதின் உட்புறத்தையும் முன்கால் மடிப்பையும் அடித்தொடையையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். ஒன்றாக வாங்காமல் சோடியாகவே வாங்குகிறேன். முதல் மூன்று நான்கு வாரங்கள் பட்டியோடு சேர்க்காமல் வேறு வேலிக்குள் அந்தச் சோடியை வைத்து, வந்த கிழமையே வைத்தியரிடம் காட்டி மருந்து போட்டுவிடுவதால், காத்திருக்கும் காலத்தில் அவை ஒன்றுக்கொன்று துணையாக நின்று தீனி தின்கின்றன.