நைல் பள்ளத்தாக்கைப் பலகையில் செய்து பார்த்தேன்: தண்ணீர் ஏற்றிய கட்டம்

நைல் பள்ளத்தாக்கின் களிமண் மாதிரியில் தண்ணீர் விட்டாயிற்று. பண்டைய எகிப்தியர் வாழ்ந்த நிலத்தைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்கிய வேலை இது. நடு எகிப்தின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அங்கே ஆறு கிழக்கு ஓரத்தை ஒட்டி ஓடும். மேற்கே வயல்வெளி விரிந்து கிடக்கும். ராம்சேஸ் என்ற பெயர் கொண்ட எகிப்திய மன்னர்கள் காலத்துச் சுரங்க வரைபடம் ஒன்று இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தெற்குதான் மேலே. தண்ணீர் வரும் தெற்குத் திசையை மேலே வைப்பது இயல்பாகப் பட்டதால் நானும் பலகையை அப்படியே வைத்துக்கொண்டேன்.

அளவு தீர்மானிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. கிடைமட்டத்தில் 1:20,000 என்று வைத்தால் 16 கி.மீ. அகலம் 80 செ.மீட்டரில் அடங்கிவிடுகிறது. ஆனால் இரண்டு மீட்டர் உயரக் கரைமேடு அதே அளவில் ஒரு தலைமுடியின் கனம்தான் வரும். அதனால் உயரத்துக்கு மட்டும் 1:100 வைத்தேன். அதாவது உயரம் 200 மடங்கு கூட்டப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டின் சோறும் பசியும் இவ்வளவு மெல்லிய ஏற்ற இறக்கத்தில் தங்கியிருந்தன என்பது அந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

பிளைவுட் தட்டில் தார்ப்பாய் விரித்து, சலித்த ஏரி வண்டலை நிரப்பினேன். இரு ஓரங்களிலும் பாலைவனத்துக்கு மணல். பள்ளத்தாக்கு என்றதும் இரு பக்கமும் ஆற்றை நோக்கிச் சரியும் நிலம்தான் நினைவுக்கு வரும். நைல் சமவெளி அப்படி இல்லை. கரை மீறும் வெள்ளம் வேகம் இழந்தவுடன் பருமனான மணலைக் கரையருகிலேயே போட்டுவிடும். மெல்லிய வண்டல் மட்டும் தொலைவு போகும். ஆண்டுதோறும் இது நடந்ததால் ஆற்றங்கரை ஒன்று முதல் மூன்று மீட்டர் வரை உயர்ந்தது. நிலம் ஆற்றிலிருந்து விலகிப் பாலைவன ஓரத்தை நோக்கித் தாழ்ந்தது. ஊர்களைக் கரைமேட்டில் வைத்தேன். கல்லறைகளை மணலில் வைத்தேன். எகிப்தியரும் விளையும் மண்ணை வீணாக்காமல் அங்கேதான் புதைத்தார்கள்.

தெற்கு முனையில் குழாயைத் திறந்தேன். எத்தியோப்பிய மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைதான் அந்த வெள்ளத்துக்கு மூலம். குடகில் பெய்து காவிரி பெருகுவதும் அதே மாதங்களில்தான். ஆற்றில் நீர் ஏறிக்கொண்டே போனது. கரைமேடு தடுத்து நின்றது. மேட்டில் ஒரு வாய்க்கால் வாயை வெட்டியதும் தண்ணீர் பக்கத்து வயல்களைக் கடந்து, முதலில் பாலைவன ஓரத்தில் போய்த் தேங்கியது. அங்கிருந்து ஆற்றை நோக்கித் திரும்பி நிறைந்துகொண்டு வந்தது. கடைசியில் ஊர்கள் மட்டும் தீவுகளாக நின்றன. ஏற்றம் போட்டு இறைக்க வேண்டிய அவசியமே இல்லை. குறுக்குக் கரைகள் போட்டு நீரைச் சில வாரங்கள் நிறுத்தி, பிறகு வடிய விட்டால் போதும். ஏற்றம் எகிப்தில் பரவியது, பெரிய பிரமிடுகளுக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகள் பிந்திய புதிய அரசுக் காலத்தில்தான். பிரமிடுகளைக் கட்டியவர்களுக்கு நிலத்தின் சாய்வே நீர் பாய்ச்சிக் கொடுத்திருக்கிறது.

அடுத்து அளவுகோல். எகிப்திய முழம் ஏறத்தாழ 52 செ.மீ.; என் மாதிரியில் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஒரு குச்சியில் கோடுகள் கீறி ஆற்றில் நட்டேன். தெற்கே அஸ்வான் அருகே நைலில் உள்ள எலிஃபன்டைன் தீவில் படிக்கட்டுச் சுவரில் வெள்ளத்தின் உயரத்தை அப்படித்தான் அளந்தார்கள். 12 முழம் என்றால் பசி, 13 என்றால் பற்றாக்குறை, 14 மகிழ்ச்சி, 15 நிம்மதி, 16 பெருங்களிப்பு என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். வாய்க்கால் வாயை 12ஆம் கோட்டில் வெட்டியிருந்தேன். நீர் 12இல் நின்றபோது வாய் மட்டும் நனைந்தது. 14இல் தாழ்ந்த ஓரம் நிறைந்தது. 16இல் வயல் முழுதும் மூழ்கியது. 18 வரை ஏற்றியபோது குறுக்குக் கரைகள் கரைந்து, களிமண் வீடுகளின் அடியும் இளகிவிட்டது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. பெரிய பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலம் சிதைந்த பிறகு வாழ்ந்த அன்க்டிஃபி என்ற தலைவருக்கு மோஅல்லா என்ற இடத்தில் உள்ள கல்லறையின் சுவரில் பஞ்சத்தின் கொடுமை எழுதப்பட்டிருக்கிறது. குச்சியில் அந்தச் சில கோடுகளைப் பார்த்துக்கொண்டே அதைப் படித்தபோது நெஞ்சு கனத்துவிட்டது.

நீரை வடியவிட்டு, ஈர வண்டலில் வெந்தயம் தூவித் தட்டை நிழலில் வைத்தேன். மறுபடி ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை, முளைத்துவிட்டது. அங்கே அவர்கள் எம்மர் கோதுமை, பார்லி, ஆளி விதைத்தார்கள். குளிர்காலப் பயிர் என்பதால் மண்ணில் தங்கிய ஈரமே அறுவடை வரை தாங்கியது. வெள்ளம், விதைப்பு, அறுவடை என்று நான்கு நான்கு மாதங்களாக மூன்று பருவங்கள், மிச்சம் ஐந்து நாட்கள்: அவர்களின் ஆண்டே ஆறு வகுத்துக் கொடுத்ததுதான்.

படகையும் பார்த்தேன். அங்கே காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசும் என்பதால் வடக்கு முனையில் மேசை விசிறியை வைத்து, தெர்மோகோல் படகுக்குக் காகிதப் பாய் கட்டினேன். பாயை இறக்கினால் நீரோட்டம் வடக்கே கொண்டு போகிறது. ஏற்றினால் காற்று தெற்கே தள்ளுகிறது. தெற்கே உள்ள அஸ்வானின் கருங்கல் வடக்கே பிரமிடுகள் நிற்கும் கீசா வரை மிதந்து வந்த வழி இதுதான். பிரமிடு கட்டிய காலத்து மெரர் என்ற அதிகாரி, தூரா என்ற கற்சுரங்கத்திலிருந்து கீசாவுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போன நாட்குறிப்புகள் 2013இல் செங்கடல் கரையில் கிடைத்தன. வெள்ளக் காலத்தில் கால்வாய்கள் நிறைந்து, கற்படகுகள் கட்டுமான இடத்தை நெருங்கிவர முடிந்தது.

அடுத்து, நைலுக்கு மேற்கே உள்ள ஃபையூம் என்ற தாழ்நிலம். ஆற்றின் கிளை ஒன்று மேற்கே பிரிந்து அங்குள்ள ஏரிக்குப் போகிறது. இன்றைய காரூன் ஏரியின் மட்டம் கடல்மட்டத்துக்குச் சுமார் 45 மீட்டர் கீழே இருக்கிறது. என் உயர அளவில் அது 45 செ.மீ.; இந்தத் தட்டின் ஆழம் போதாது. தனித் தொட்டி ஒன்று செய்து, பக்கவாட்டில் வாய்க்கால் போட்டு இணைக்கப் போகிறேன். பலகை அறுத்தாயிற்று, வண்டல்தான் இன்னும் இரண்டு சாக்கு வேண்டும்.