பழைய ட்ரைசூட்டுக்குப் புதுக் கைப்பட்டி

கொழும்புக் கடலின் 28 பாகைச் சூட்டுக்கு ட்ரைசூட் (குளிர் தண்ணியில் உடம்பு நனையாமல் போடும் உடுப்பு) தேவையில்லைதான். ஆனால் நோர்வேக்கோ கனடாவுக்கோ போகும் ஆக்கள் இங்கே அலுமாரியில் வைத்திருந்தால், நம்ம புழுக்கத்தில், மணிக்கட்டில் தண்ணி புகாமல் இறுக்கிப் பிடிக்கும் லேட்டக்ஸ் (இரப்பர்) பட்டி பிசுபிசுத்துவிடும். விரலில் ஒட்டினால் மாற்றத்தான் வேண்டும்.

முதலில் கசிவு பட்டியிலா என்று பாருங்கள். மணிக்கட்டில் தசைநாண்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தாலும் தண்ணி வரும். கை இரண்டிலும் போத்தல், கழுத்தில் பந்து வைத்து அடைத்து, காற்றடித்து, சவர்க்காரத் தண்ணி தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

பழையதை ஹெயார் ட்ரையரால் சூடாக்கி மெதுவாக உரியுங்கள். இழுத்தால் துணியும் கிழியும். உள்ளே போத்தலைச் செருகி, புதுப் பட்டியின் ஒட்டும் பக்கத்தைச் சேண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கி, பட்டியையும் கைத்துணியையும் ஐசோப்ரோபைல் அல்ககோலால் துடையுங்கள். காய்ந்தபின் 2-3 செ.மீ. மேற்படிய அக்வாசீல் (வளைந்து கொடுக்கும் பசை) மெல்லிசாகத் தடவி, சுருக்கமில்லாமல் ஒட்டி, டேப் சுற்றி 24 மணித்தியாலம் விடுங்கள். சுப்பர் குளூ வேண்டாம், விறைத்து வெடிப்பு விழும்.

இறுக்கமா? பட்டியின் விளிம்பை 3 மி.மீ. வீதம், ஒரே வெட்டாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் பல்லுத் தடம் விட்ட இடத்தில்தான் பிறகு கிழியும். பட்டியில் பூசும் பவுடர் வாசனையில்லாததாக இருக்கட்டும்.