சீரியல் ஊர் மாறியபோது: ஒரு டிரெஸ் தாதாவின் நாட்குறிப்பு

ஏப்ரல் 13, 2021, செவ்வாய்

இரவு முதல்வர் உத்தவ் தாக்கரே டிவியில் பேசினார். கொரோனா இரண்டாம் அலை. நாளை இரவு 8 மணி முதல் மே 1 காலை 7 மணி வரை மகாராஷ்டிரா முழுக்க 144. சினிமா, சீரியல், விளம்பரம் என எல்லாப் படப்பிடிப்பும் நிற்கிறது. பதிவு பெற்ற கட்டடத் தொழிலாளர், பர்மிட் உள்ள ஆட்டோக்காரர், உரிமம் உள்ள நடைபாதை வியாபாரி ஆகியோருக்கு 1,500 ரூபாய் அறிவித்தார். கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன். எங்களைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

தாராவியில் பிறந்து வளர்ந்த நான் கோரேகாவ் பிலிம் சிட்டியில் ஓர் இந்தி சீரியலுக்கு உடை பார்க்கிறேன். இங்கே தாதா என்றால் ரவுடி இல்லை, மராத்தியில் அண்ணன். டீ கொடுப்பவர் ஸ்பாட் தாதா, விளக்கு தூக்குபவர் லைட் தாதா, நான் டிரெஸ் தாதா. இந்தி ஆட்கள் பலருக்கு நான் வெறும் ‘அண்ணா’.

ஏப்ரல் 14, புதன்

சித்திரை ஒன்று. வீட்டில் மாங்காய்ப் பச்சடி செய்தார்கள். எனக்குச் சாப்பிட நேரமில்லை, விடிவதற்குள் கிளம்பிவிட்டேன்.

செட்டில் ஒரே பரபரப்பு. யூனிட் குஜராத்துக்குப் போகிறது. பால்கர் மாவட்டம் தாண்டினால் எல்லை, அதை ஒட்டி உமர்காவ். மூன்று மணி நேரப் பயணம்தான். ராமானந்த் சாகரின் ராமாயணத்தை எடுத்ததே அந்த ஊரில்தான் என்பதால் பழைய ஆட்களுக்கு அது புதிய இடமில்லை. வேறு யூனிட்டுகள் கோவா, ஹைதராபாத், சில்வாசா, டாமன் என்று பிரிந்து போகின்றன.

மேனேஜர் பட்டியல் படித்தார். உடைப் பிரிவில் நான்கு பேர். போவது இரண்டு பேர். என் பெயர் இல்லை. “அண்ணா, உங்க வீட்ல வயசானவங்க இருக்காங்க, நீங்க வேண்டாம்” என்றார். அம்மாவுக்கு எழுபத்தொன்று, அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் பட்டியலில் இல்லாதவனுக்கு என்ன வழி என்று யாரும் பேசவில்லை.

பெட்டிகளை நானே கட்டிக்கொடுத்தேன். ஜரிகை லெஹங்காவை அப்படியே மடித்தால் ஜரிகை ஒன்றோடொன்று உரசி நூல் பிரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு மடிப்புக்கும் இடையில் வெள்ளைத் தாள் வைத்து, மேலே மல்மல் துணி சுற்ற வேண்டும். பிறகு அட்டை: பாத்திரத்தின் பெயர், எபிசோடு, காட்சி எண், கூடப் போகும் வளையல், செருப்பு. கதாநாயகி கதவைத் திறக்கும் காட்சியை இன்று எடுத்து, அவள் வெளியே வருவதைப் பத்து நாள் கழித்து எடுப்பார்கள். துப்பட்டா அதே தோளில், அதே மடிப்பில் இருக்க வேண்டும். கன்டினியுட்டி போட்டோ அத்தனையும் என் போனில் இருந்தன. எல்லாவற்றையும் உதவிப் பையனுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 17, சனி

தயாரிப்பாளர்கள் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று மனைவி கேட்டாள். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. தினசரி சீரியலுக்குக் கையிருப்பு சில எபிசோடுகள்தான், அதை நாங்கள் ‘பேங்க்’ என்போம். அது தீர்ந்தால் சேனலில் பழையதைப் போட வேண்டும். போன வருஷம் மார்ச் 19 முதல் மூன்று மாதம் அப்படித்தான் ஆனது. பார்ப்பவர்கள் ஒருமுறை வேறு பக்கம் போனால் திரும்புவார்களா என்ற பயம் சேனலுக்கு. சீரியலே நின்றுவிட்டால் போனவர்களுக்கும் வேலை இருக்காது.

வீட்டுக் கணக்குதான் விநோதம். எங்களுக்குக் கூலி 90 நாள் கழித்து வரும். ஜனவரியில் உழைத்தது இப்போது வருகிறது, மார்ச்சில் உழைத்தது ஜூனில் வரும். ஆக இந்த மாதம் அடுப்பு எரியும். இப்போது சும்மா இருக்கும் நாளெல்லாம் ஜூலை மத்தியில் வந்து கழுத்தைப் பிடிக்கும். மகனின் பள்ளிக் கட்டணமும் அப்போதுதான்.

ஏப்ரல் 26, திங்கள்

இன்று உமர்காவில் எடுத்த காட்சிகள் முதல் தடவையாக வந்தன. குடும்பம் முழுக்க குலதெய்வ வழிபாட்டுக்கு வெளியூர் போயிருப்பதாகக் கதையில் எழுதிவிட்டார்கள். அரண்மனை மாதிரி வீட்டில் இருந்தவர்கள் ஒரு ரிசார்ட் வராந்தாவில் நின்று சண்டை போடுகிறார்கள். பின்னால் தென்னை மரங்கள்.

அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் கதையைப் பார்த்தார்கள். நான் துணியைப் பார்த்தேன். தூரத்தில் எடுத்த ஷாட்டில் துப்பட்டா இடது தோளில் இருந்தது, முகத்துக்கு அருகில் வந்ததும் வலது தோளுக்குப் போய்விட்டது. மாமியாரின் பட்டுப் புடவையில் கொசுவம் ஒன்று குறைவு. மனசு கேட்காமல் உதவிப் பையனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, கூட வந்தவருக்குக் காய்ச்சல், தனி ரூம்ல வச்சிருக்காங்க. ஏழு பேருக்கு நான் ஒருத்தன்தான்” என்றான். திட்டத்தான் கூப்பிட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன்.

மே 7, வெள்ளி

கோவாவில் படப்பிடிப்பு அனுமதி அத்தனையும் ரத்து. மட்காவ் ரவீந்திர பவனில் ஒரு சீரியல் செட் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள், கோவா பார்வர்ட் கட்சிக்காரர்கள் உள்ளே போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கோவா பொழுதுபோக்குச் சங்கம் கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அங்கே போன நண்பர்கள் மறுபடி பெட்டி கட்டுகிறார்கள்.

எங்கள் ஆட்களில் சிலர் கோவாக்காரர்களைத் திட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர்கள் ஊரிலேயே ஆஸ்பத்திரிகளில் படுக்கை கிடைக்கவில்லை. நம் ஊரில் ஆபத்து என்று மூடிய வேலையை இன்னொருவர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கிருப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

மே 17, திங்கள்

டவ்தே புயல். மும்பை கொலாபாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்ததாம். எங்கள் மாடித் தகரம் இரவு முழுக்கப் படபடத்தது, இரண்டு இடத்தில் ஒழுகியது. அம்மாவைக் கீழே படுக்கவைத்தேன்.

புயல் குஜராத் பக்கம் போகிறது. பையனின் போன் மதியம் வரை கிடைக்கவில்லை. மாலையில் அவனே பேசினான். கரண்ட் இல்லை, ஷூட்டிங் இல்லை, பெட்டிகளைத் தரையிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் அடுக்கிவிட்டேன் என்றான். நான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

மே 25, செவ்வாய்

ஒன்றுமில்லை. எங்கள் சினிமா தொழிலாளர் சம்மேளனம் மறுபடி அரசுக்குக் கடிதம் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். தையல் மிஷினை வெளியே எடுத்து முகக்கவசம் தைக்கிறேன். லைட் தாதாக்களில் இரண்டு பேர் ஏப்ரலிலேயே குர்லா டெர்மினஸில் ரயிலேறி ஊருக்குப் போய்விட்டார்கள்.

ஜூன் 5, சனி

திங்கள் முதல் ஐந்து நிலைகளாகத் தளர்வு. மும்பை மூன்றாம் நிலை. படப்பிடிப்பு உண்டு, ஆனால் ஆட்கள் ஒரே இடத்தில் அடைந்திருக்க வேண்டும், மாலை 5 மணிக்குமேல் வெளியே நடமாட்டம் கூடாது. மேனேஜர் மாலையில் கூப்பிட்டார். “அண்ணா, வந்துடுங்க.” சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் கை நடுங்கியது தெரிந்தது.

ஜூன் 14, திங்கள்

ஐந்து நாளாக விடாத மழை. இரண்டு மாதம் பூட்டிக்கிடந்த செட்டுக்குள் கால் வைத்ததும் பூஞ்சை வாடை. பூஜையறைத் திரைச்சீலை ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். கலைப்பிரிவு ஆட்கள் சுவருக்கு மறுபடி வண்ணம் அடிக்கிறார்கள், குடும்பம் இந்த வாரம் ‘வீடு திரும்ப’ வேண்டுமாம்.

பெட்டிகள் காலையில் வந்தன. என் அட்டைகள் பாதிதான் இருந்தன. மீதிப் பாதியில் குஜராத்தி எழுத்து. பையனுக்கு உதவியாக உமர்காவிலேயே ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள், வீட்டில் ரவிக்கை தைப்பவராம். திறந்து பார்த்தேன். மடிப்புக்கு மடிப்பு தாள். வெள்ளைத் தாள் தீர்ந்த இடத்தில் பழைய குஜராத்தி நாள்காட்டியைக் கிழித்து, அச்சு மை ஜரிகையில் ஒட்டாதபடி எழுத்துப் பக்கத்தை உள்ளே மடித்து வைத்திருந்தார். யூனிட் கிளம்பிய அன்றோடு அவர் வேலை முடிந்துவிட்டது. கூலி அங்கேயும் 90 நாள் கழித்துத்தானா என்று பையனிடம் கேட்டேன். தெரியாது என்றான். அவர் நம்பரை வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன்.

முதல் ஷாட்டுக்கு மெரூன் லெஹங்கா. குஜராத்தி அட்டையைப் பையன் படித்துச் சொல்ல, நான் தமிழில் எழுதிப் பக்கத்தில் குத்திவைத்தேன்.